திருமுகம்

அரசர் விடுத்த ஆணையோலையைத் திருமுகம் என்பது கல்வெட்டு வழக்கு. இதற்கு ‘ஆணை’ என்றே பொருளெழுதிச் செல்வாருளர். அது நுணுகி நோக்காக் கூற்றாகும்.

முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக வழங்கிய செய்தி, லெய்டன் செப்பேடுகளில் விரிவாக வரையப்பெற்றுளது. அரசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டின் (கி.பி. 1005–06) 92-ஆம் நாளில் வாய்மொழியாகக் கட்டளையிட்டான், 96-ஆம் நாளில் அது வரிப்பொத்தகத்தில் ஏறிற்று. இடையே திருமந்திரவோலை எழுதுவோனும் ஓலைநாயகங்களும் கையெழுத்திட்டனர். அரசன் வாய்ச்சொல் வேறு, அதனைப் பொறித்த ஓலை வேறு என்பது இதனாற் போதரும். அவ்வோலை அரண்மனை நீங்கி நாட்டாரை அடையுங்காலத்தே திருமுகம் எனப்படுகின்றது. நாட்டார் அதனை எதிரெழுந்து சென்று தொழுது வாங்கித் தலைமேல் வைத்தனர். பின்னர்ப் பிடியைச் சூழ நடத்தி எல்லை வகுத்தனர். கையொப்பம் எத்துணையிருப்பினும் எல்லையை முடிவு செய்தது அப்பிடியின் அடிச்சுவடே போலும்!

இவ்வழக்குச் சோழர் படைத்ததன்று. கி.பி. 8-ஆம் நூற்றாண்டினதாகிய இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேட்டிலேயே இது காணப்படும். ஆண்டு அரசன் பக்கல் நின்று கூறுமிடத்துக் ‘கோனோலை’ என்றும், நாட்டார் தலைக்கு வைத்து எல்லை போய்க் கல்லும் கள்ளியும் நாட்டியதைக் கூறுமிடத்துத் ‘திருமுகம்’ என்றும் வருதல் ஊன்றி நோக்கற்பாலது. விடுப்பார்க்கு ஓலை; பெறுவார்க்கு முகம்.

முகம் என்பதற்கு வடமொழியில் வாய் என்னும் பொருளும் உண்மையின், திருமுகம் அரசன் வாய்மொழியையே குறித்தது எனக் கொள்ளலாமோ எனின், அது பொருந்தாது. வாய்மொழியைச் சுட்டத் ‘திருவாய் மொழிந்தருள’, ‘கேள்வி’ என்னும் தனிச்சொற்கள் சாசனங்களில் உள. நேரிற் காணவியலா அரசனுக்கு ஓலையே முகமாய் நின்றது என்பதே எம் கருத்து. எதிர்கொண்டு தொழுதலும் அதற்கேற்ப அமைந்துளது. ‘முகம்’ தென்சொல்லோ வடசொல்லோ என்னும் வழக்கு அறிஞரிடை இன்னும் தீர்ந்திலது. அது யாதாயினும் இம்முடிபு மாறாது.

பாணபத்திரற்குப் பொருள் வழங்குமாறு ஆலவாயிறைவன் சேரமான் பெருமாளுக்கு விடுத்ததாகப் பதினோராந் திருமுறையின் தொடக்கத்தே நிற்கும் பாசுரமும் திருமுகப் பாசுரம் என்றே பெயர் பெற்றது. மடத்துத் தலைவர் விடுக்கும் ஓலையை ‘ஸ்ரீமுகம்’ என வழங்குதல் இன்றும் உண்டு.