மம்மி

அம்மாவை அழைக்கும் ‘மம்மி’க்கும் இதற்கும் உறவில்லை. எகிப்தின் பதப்படுத்திய உடலைக் குறிக்கும் மம்மி, பாரசீகத்தின் ‘மூம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மூம் என்றால் மெழுகு. மலைப்பாறையில் கசியும் நிலக்கீல் மெழுகுபோல் இருந்ததால் அதற்கு ‘மூமியா’ என்று பெயர். எலும்பு முறிவுக்கு அது மருந்தாக இருந்தது. அரபு மருத்துவ நூல்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது.

எகிப்திய உடல்களின் கறுத்த பூச்சைப் பார்த்தவர்கள் அதுவும் மூமியாதான் என்று எண்ணினார்கள். மருந்தின் பெயர் பிணத்துக்கு வந்தது, பிணமும் மருந்தானது! அதை இடித்துப் பொடியாக்கி ஐரோப்பிய மருந்துக்கடைகளில் விற்றார்கள், வாங்கி விழுங்கினார்கள்.

அந்தக் கருமை உண்மையில் நிலக்கீல்தானா? குன்றிமணி அளவுகூட இல்லாத துணுக்கைக் கரைத்து, வாயு நிறப்பகுப்பியிலும் நிறை நிறமாலைமானியிலும் செலுத்தினால் தெரிந்துவிடும். நிலக்கீலில் ஹோப்பேன், ஸ்டெரேன் என்ற சேர்மங்கள் இருக்கும். முன்னது பண்டைய பாக்டீரியாக்களின் எச்சம், பின்னது பெரும்பாலும் பாசிகளுடையது. அவற்றின் விகிதம் ஊற்றுக்கு ஊற்று மாறும், கைரேகை மாதிரி. பிற்கால மம்மிகள் பலவற்றில் சாக்கடல் நிலக்கீலின் ரேகை கிடைத்தது. பழைய மம்மிகள் பலவற்றிலோ நிலக்கீலே இல்லை: ஊசியிலை மரப் பிசின், எண்ணெய், கொழுப்பு, சிலவற்றில் தேன்மெழுகு.

மெழுகு! மூம் என்ற வேர்ச்சொல் தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறது.