விண்டோஸ் 11 மேம்படுத்தலுக்குக் கணினியைத் தயார்ப்படுத்தல்

விண்டோஸ் 11 மேம்படுத்தலுக்குக் கணினியைத் தயார்ப்படுத்தல் என்பது, விண்டோஸ் 10 இயங்குதளம் உள்ள கணினியொன்றில் பயனரின் கோப்புகளும் அமைப்புகளும் இழக்கப்படாத வண்ணம் விண்டோஸ் 11 ஐ நிறுவுவதற்கு முன்னர் செய்யவேண்டிய சோதனைகளையும் மாற்றங்களையும் குறிக்கும். மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 11 ஐ 2021 அக்டோபர் 5 இல் வெளியிட்டது. 2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிவடைந்தது. ஆதரவு முடிந்த இயங்குதளம் தொடர்ந்து இயங்கும்; எனினும் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைபாடுகளுக்கு இலவசமான திருத்தங்கள் வழமைபோல் வந்து சேரா.

மேம்படுத்தல் இருவகைப்படும். ஏற்கனவே உள்ள இயங்குதளத்தின் மேலேயே நிறுவுதல் ஒருவகை; இதில் கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கவேண்டும். வன்வட்டை அழித்துப் புதிதாக நிறுவுதல் மற்றொரு வகை. முதல்வகையில் எதுவும் அழியாது என்ற நம்பிக்கையில் காப்புநகல் எடுக்காமல் விடுவோரே மிகுதி. 2018 ஆம் ஆண்டு நிகழ்வு அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டியது.

2018 அக்டோபர் மேம்படுத்தல்

விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு 2018 அக்டோபர் 2 இல் வெளியிடப்பட்டது. சில நாட்களுக்குள், மேம்படுத்தலின் பின் ஆவணங்களும் ஒளிப்படங்களும் காணாமற் போனதாகப் பயனர்கள் முறையிட்டனர். அக்டோபர் 6 இல் மைக்ரோசாப்ட் வெளியீட்டை நிறுத்திவைத்தது. திருத்திய பதிப்பு நவம்பர் 13 இலேயே மீண்டும் வெளிவந்தது.

காரணம் எளிமையானது. சி வட்டில் இடம் போதாத பலர், ஆவணங்கள், படங்கள் போன்ற கோப்புறைகளை டி வட்டிற்கு மாற்றி அமைத்திருந்தனர். அவ்வாறு மாற்றியோரின் பழைய இடத்தில் வெறுமையான கோப்புறைகள் இரட்டையாகத் தோன்றுவதாக முந்தைய பதிப்பில் முறைப்பாடு எழுந்தது. அவற்றை நீக்குவதற்காக 1809 இல் சேர்க்கப்பட்ட நிரல், அக்கோப்புறைகள் உண்மையில் வெறுமையாக உள்ளனவா என்று பாராமல் நீக்கிவிட்டது. பழைய இடத்திலேயே கோப்புகளை விட்டுவைத்திருந்தோர் அவற்றை இழந்தனர். முறையிட்டோர் அப்பதிப்பை நிறுவியவர்களுள் பத்தாயிரத்தில் ஒருவர் என்று மைக்ரோசாப்ட் கூறியது. விகிதம் சிறியதுதான்; அந்த ஒருவருக்கோ இழப்பு முழுமையானது. வெளியீட்டிற்கு முன்னரே சோதனைப் பயனர்கள் சிலர் இதனைத் தெரிவித்திருந்தமையும் பின்னர் வெளிவந்தது.

ஆகவே கோப்புறைகளை இடம் மாற்றியுள்ளோர், மேம்படுத்தலுக்கு முன் பழைய இடத்தையும் திறந்து பார்த்து, எஞ்சிய கோப்புகளை அப்புறப்படுத்துவது நன்று.

வன்பொருள் தேவைகள்

விண்டோஸ் 11 இற்கு 64-பிட் செயலி, குறைந்தது 4 கிகாபைட் நினைவகம், 64 கிகாபைட் சேமிப்பிடம், யூஈஎஃப்ஐ வகை நிலைபொருள், பாதுகாப்பான தொடக்கத்திற்கான வசதி, டிபிஎம் 2.0 ஆகியவை தேவை. 32-பிட் பதிப்பு இல்லை. நடைமுறையில் தடையாக நிற்பது பெரும்பாலும் செயலியே. மைக்ரோசாப்டின் பட்டியலில் இண்டெல் செயலிகளுள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே உள்ளன. 2011 இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகள் இத்தேவைகளை நிறைவு செய்யா.

டிபிஎம் என்பது மறைகுறியாக்கச் சாவிகளைப் பாதுகாத்து வைக்கும் கூறு ஆகும். இது தனிச் சில்லாகவோ செயலியின் நிலைபொருளுக்குள்ளேயோ இருக்கலாம். "டிபிஎம் இல்லை" என்ற செய்தி வந்தவுடன் புதிய கணினி வாங்க விரைய வேண்டியதில்லை. பல தாய்ப்பலகைகளில் இவ்வசதி இருந்தும் முடக்கப்பட்டிருக்கும். நிலைபொருள் அமைப்பில் இண்டெல் கணினிகளில் பிடிடி என்றும் ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்றும் காணப்படும் தெரிவை இயக்கினால் போதும். கணினி தகுதியுடையதா என்பதை மைக்ரோசாப்டின் பிசி ஹெல்த் செக் என்னும் இலவச மென்பொருள் காட்டும்.

வட்டுப் பிரிவு முறையை மாற்றுதல்

பழைய முறையில் விண்டோஸ் நிறுவப்பட்ட கணினிகளில் வட்டு எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். யூஈஎஃப்ஐ முறையில் விண்டோஸ் தொடங்க ஜிபிடி முறை வேண்டும். 2017 இல் வெளிவந்த 1703 பதிப்பு முதல் விண்டோஸ் 10 உடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி என்னும் கருவி, தரவை அழிக்காமல் இம்மாற்றத்தைச் செய்யும். வட்டில் முதன்மைப் பிரிவுகள் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, நீட்சிப் பிரிவு இருந்தாலோ கருவி மறுத்துவிடும்.

இங்கே வரிசை முக்கியமானது. முதலில் வட்டை மாற்றவேண்டும். அதன் பின்னரே நிலைபொருளைப் பழைய முறையிலிருந்து யூஈஎஃப்ஐ முறைக்கு மாற்றவேண்டும். தலைகீழாகச் செய்தால் கணினி தொடங்காது. அவ்வேளையில் எதுவும் அழிந்துவிடவில்லை. அமைப்பைப் பழையபடி மாற்றினால் விண்டோஸ் மீண்டும் தொடங்கும். இதை அறியாது அஞ்சி வட்டை அழித்துவிடுவதே உண்மையான இழப்பாகும்.

மீட்புச் சாவி

பிட்லாக்கர் அல்லது சாதன மறைகுறியாக்கம் இயங்கும் கணினியில் வட்டைத் திறக்கும் சாவி டிபிஎம்முடன் பிணைக்கப்பட்டிருக்கும். நிலைபொருளையோ பாதுகாப்பான தொடக்கத்தையோ மாற்றினால், கணினி வேறொன்றாகிவிட்டது என்று கருதப்பட்டு, 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம். சாவி இல்லையேல் தரவைப் படிக்க வழியே இல்லை. பழுதுபார்க்கும் கடையிலும் இல்லை, மைக்ரோசாப்டிடமும் இல்லை.

பலர் தமது மடிக்கணினியில் மறைகுறியாக்கம் இயங்குவதையே அறிந்திருப்பதில்லை. மைக்ரோசாப்ட் கணக்கின் மூலம் புகுபதிகை செய்தபோது அது தானாகவே இயங்கியிருக்கலாம். அவ்வாறாயின் சாவி அக்கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மேம்படுத்தலுக்கு முன் கணக்கினுள் சென்று சாவி உள்ளதா எனப் பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொள்வது சிறந்தது. அச்சாவியை அதே கணினியில் கோப்பாகச் சேமிப்பதால் பயனில்லை. நிலைபொருளில் கைவைக்கும் முன்னர் பிட்லாக்கரை இடைநிறுத்தவும் வேண்டும். டிபிஎம்மை வெறுமையாக்கும் தெரிவைச் சாவி கையில் இல்லாமல் தொடவே கூடாது.

காப்புநகல்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதி இங்கும் பொருந்தும்: மூன்று படிகள், இரு வேறு ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில். மேகக்கணிச் சேவையுடன் ஒத்திசைக்கப்பட்ட கோப்புறை மட்டும் காப்புநகல் ஆகாது. ஒருபுறம் அழிந்த கோப்பு மறுபுறமும் அழியும். நகலெடுத்த பின் அதிலிருந்து இரண்டொரு கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்க்கவேண்டும்.

ஆவணங்கள் கோப்புறைக்கு வெளியே உள்ளவையே பெரும்பாலும் மறக்கப்படுகின்றன: உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், மின்னஞ்சல் மென்பொருளின் உள்ளூர்க் கோப்புகள், கணக்கு மென்பொருளின் தரவு ஆகியவை அத்தகையன.

தமிழ் எழுத்துருக்கள்

தமிழில் எழுதுவோர் புதிதாக நிறுவும்போது தனியே கவனிக்கவேண்டியது இது. பாமினி போன்ற எழுத்துருக்களிலும் டிஸ்கி, டாப், டாம் குறியேற்றங்களிலும் எழுதப்பட்ட பழைய ஆவணங்கள், உரிய எழுத்துரு இல்லாவிடின் பொருளற்ற உரோம எழுத்துகளாகவே தோன்றும். எனவே எழுத்துருக் கோப்புகளையும் நகலெடுக்க வேண்டும். விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பிலிருந்து, அனைத்துப் பயனர்களுக்கும் எனத் தெரிவு செய்யாமல் நிறுவிய எழுத்துருக்கள் விண்டோஸின் பொதுவான எழுத்துருக் கோப்புறையில் அன்றிப் பயனரின் தனிக் கோப்புறையில் இடப்படுகின்றன. இரண்டு இடங்களிலும் தேடுதல் வேண்டும்.

ஒருங்குறி ஆவணங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 2000 காலம் முதல் உடன்வந்த லதா எழுத்துரு, விண்டோஸ் 10 முதல் "தமிழ் கூடுதல் எழுத்துருக்கள்" என்னும் விருப்ப வசதியாகிவிட்டது. தமிழ் மொழியைச் சேர்க்காத கணினியில் அது இராது. அப்போது நிர்மலா போன்ற வேறொரு எழுத்துரு அதன் இடத்தைப் பிடிக்கும். எழுத்துகள் சரியாகவே தெரியும். ஆனால் அகலம் மாறுவதால் வரிகளும் பக்கங்களும் நகரும். பொருளடக்கத்தில் பக்க எண்களைக் கையால் இட்ட ஆய்வேடு ஒன்றிற்கு இது சிறிய தொல்லையன்று.

நிறுவும் நாளில்

பதிவிறக்கம் ஐந்து கிகாபைட்டுக்கும் மேற்பட்டது. அளவுக்கட்டுப்பாடு உள்ள இணைய இணைப்பில் இதைக் கருத்திற்கொள்ளவும். சி வட்டில் 25 முதல் 30 கிகாபைட் வரை வெற்றிடம் இருந்தால் நெருக்கடி இராது. மடிக்கணினியை மின்னிணைப்பில் வைத்திருக்கவேண்டும். மேசைக்கணினிக்கு, மின்வெட்டு வாய்ப்புள்ள இடங்களில், யூபிஎஸ் இன்றித் தொடங்காதிருப்பது நல்லது.

காப்புநகல் உள்ள புற வன்வட்டைக் கழற்றிவிட வேண்டும். 2019 மே மேம்படுத்தலின்போது யூஎஸ்பி சாதனமோ நினைவக அட்டையோ இணைந்திருந்த கணினிகளில் வட்டுகளின் பெயரெழுத்துகள் மாறக்கூடும் என்பதால், மைக்ரோசாப்டே அத்தகைய கணினிகளில் நிறுவலைத் தடுத்து வைத்தது. பிற நிறுவனங்களின் நச்சுநிரல் தடுப்பு மென்பொருளைத் தற்காலிகமாக நீக்குவதும் வழக்கம்.

பின்வாங்குதல்

பழைய இயங்குதளம் விண்டோஸ்.ஓல்ட் என்னும் கோப்புறையில் வைக்கப்படும். இயல்பாகப் 10 நாட்களுக்குள் பழைய பதிப்பிற்குத் திரும்பலாம். அக்காலம் முடியும் முன்னரே டிஸ்ம் கட்டளை மூலம் இதனை 60 நாட்கள் வரை நீட்டிக்கலாம். இடம் பெறுவதற்காக இக்கோப்புறையை அழித்தவர் திரும்ப இயலாது. புதிதாக நிறுவிய கணினிக்கு இவ்வழி இல்லை.

தகுதி பெறாத கணினிகள்

தேவைச் சோதனைகளைத் தவிர்த்து நிறுவும் வழிகள் பரவலாக அறியப்பட்டவை. ஆயினும் அத்தகைய கணினிகளுக்கு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் உறுதியளிப்பதில்லை. 2024 இல் வந்த 24எச்2 பதிப்பு, பாப்கவுண்ட் என்னும் ஆணையை அறியாத மிகப்பழைய செயலிகளில் தொடங்குவதே இல்லை. விண்டோஸ் 10 இலேயே தங்குவோரில் தனியாட்களுக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கும் நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் அறிவித்தது. உலாவலுக்கும் எழுத்துப் பணிக்கும் மட்டும் பயன்படும் பழைய கணினிக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வழங்கல்கள் மாற்றாகும். இவை வட்டை அழித்து நிறுவப்படுவதாயின், மேற்கூறிய காப்புநகல் விதிகள் அப்படியே பொருந்தும்.