வழியை வகுப்பவர் யார்? – தனியார் முகிலில் நிலைத்த வழிப்படுத்தல் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

தொழினுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக மட்டும் எழுதுவோர், பழையது தோற்றுப் புதியது வென்றது என்றே கதை சொல்வர். கணினி வலையமைப்புகளில் பொதிகள் செல்லும் வழியைத் தீர்மானிக்கும் முறைகளை நோக்குமிடத்து இக்கதை பொருந்தாமை புலனாகும். மனிதர் கையால் எழுதிவைக்கும் நிலைத்த வழியைத் தானே மாறிக்கொள்ளும் வழி வென்றுவிட்டது என்பர். ஆயின் நிறுவனங்கள் தமக்கென அமைக்கும் தனியார் முகில்களில் நிலைத்த வழி இன்றும் வழக்கிலுள்ளது. இதன் காரணத்தை இயந்திரத் திறனில் மட்டுமன்றி உடைமை உறவுகளிலும் தேடவேண்டும் என்பதே எமது கருத்து.

1964இல் வெளியான போல் பாரனின் றான்ட் நிறுவன ஆய்வுகள், அணுவாயுதத் தாக்குதலின் பின்னும் எஞ்சக்கூடிய தொடர்பாடல் அமைப்பொன்றை நாடின. சில கணுக்கள் அழியினும் ஏனையவை செய்தியை வேறு வழியில் அனுப்ப வேண்டும் என்பது அவற்றின் சாரம். 1969இல் நான்கு கணுக்களுடன் தொடங்கிய ஆர்பாநெற்றும் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்கள நிதியிலேயே வளர்ந்தது. அதன் கணுக்கள் தமக்குள் தகவல் பரிமாறி வழிகளைத் தாமே கணித்தன.

இத்தன்னியக்கத்தின் எல்லை 1980 ஒக்டோபர் 27இல் வெளிப்பட்டது. வன்பொருட் கோளாறினால் ஒரு கணுவின் நிலைமைச் செய்திக்குரிய வரிசை எண் சிதைந்து, 44, 40, 8 என்னும் எண்களுடன் மூன்று செய்திகள் பரவின. எண்கள் வட்டமாய்ச் சுழல்வன. ஆதலால் 40இனும் 44 புதியது, 8இனும் 40 புதியது, 44இனும் 8 புதியது எனக் கணுக்கள் கொண்டன. அவற்றையே ஓயாது பரப்பின. வலையமைப்பு பல மணி நேரம் முடங்கியது. மீட்டவர் மனிதரே.

‘முகில்’ என்னும் உருவகம் கட்டடத்தையும் வடத்தையும் உழைப்பையும் ஒருங்கே மறைப்பது. இலக்கிய மாணவராகிய எமக்கு இது புதிதன்று. 2010இல் நாசாவும் றாக்ஸ்பேஸ் நிறுவனமும் தொடக்கிய ஓபன்ஸ்டாக் போன்ற மென்பொருள்கள், ஒரே வடத்தின்மீது ஒன்றையொன்று காணாத பல மெய்நிகர் வலையமைப்புகளை இயக்க உதவின. பழைய முறை 4,094 பிரிவுகளுக்கே இடமளித்தது. 2014இல் ஆவணமாக்கப்பட்ட விஎக்ஸ்லான் முறை ஒரு கோடி அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு இடமளித்தது.

கணக்குப் பிரிவின் வலையமைப்பு ஒரு மெய்நிகர் வழிப்படுத்தியிலும், ஆய்வுப் பிரிவினது மற்றொன்றிலும் இணைந்துள்ளன எனக் கொள்வோம். இரு வழிப்படுத்திகளும் ஓர் இடைவலையமைப்பிற் சந்திப்பினும், ஒவ்வொன்றும் தன்னுடன் நேரே இணைந்தவற்றையே அறியும். ‘இவ்விலக்குக்குரிய பொதிகளை இம்முகவரிக்குக் கொடு’ என ஒருவர் எழுதவேண்டும். மறுபுறத்திலும் அவ்வாறே எழுதவேண்டும். மறந்தால் கேள்வி போய்ச் சேரும், பதில் திரும்பாது. இரு பிரிவுகளும் ஒரே முகவரித் தொகுதியைக் கொண்டிருப்பின் வழி எழுதுவது மட்டும் போதாது, முகவரி மாற்றமும் வேண்டும்.

எளிமையே காரணம் என்பர் சிலர். சிறிய அமைப்புகளில் அது ஓரளவு உண்மை. பெரிய முகில்களில் தானியங்கு நெறிமுறைகளும் உள. எனினும் எந்தப் பிரிவு எதனுடன் பேசலாம் என்பது உடைமையாளரின் தீர்மானம். எந்த நெறிமுறையும் அதனைக் கணித்துக் கண்டுபிடிக்காது. அத்தீர்மானத்தை எழுத்தாக்குபவரோ கூலிபெறும் தொழினுட்பவியலாளர். அடுத்த வழிப்படுத்தி செயலிழந்ததை நிலைத்த வழி தானே அறிவது அரிது. நள்ளிரவில் எழுப்பப்படுபவரும் அவரே. அவர் வேலையை விட்டு நீங்கிய பின்னும் அவர் எழுதிய வரிகள் அட்டவணையிற் கிடக்கின்றன. அவை எதற்காக எழுதப்பட்டன என்பதை அறிந்தார் இல்லை. அழிக்கத் துணிவாரும் இல்லை.