சீண்டலும் வதையும்: சில ஆங்கிலச் சொற்களின் வரலாறு

ஒருவரைக் கேலி செய்வதையும் எரிச்சலூட்டுவதையும் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் பல. இவற்றைப் பாடசாலைக் காலத்திலேயே நாம் கற்றுவிடுகின்றோம். ஆனால் அவை பிறந்த இடங்களைத் தேடிச் சென்றால் அங்கே சிரிப்பொலி கேட்பதில்லை. நார் வாரும் சீப்பின் முட்களும் வேட்டை நாய்களின் பற்களுமே எதிர்ப்படுகின்றன.

'டீஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கிலத்தில் இது கம்பளி இழைகளைப் பிரித்தெடுக்கும் தொழிலைக் குறித்தது. துணியின் மேற்பரப்பில் மென்மையான இழைகளை எழுப்புவதற்குப் பயன்பட்ட முட்செடியின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததே. 17ஆம் நூற்றாண்டளவில் இழைகளின் இடத்தில் மனிதமனம் வைக்கப்பட்டது. சிறிது சிறிதாக இழுத்து அலைக்கழிப்பது என்ற பொருள் அவ்வாறே பிறந்தது.

கூட்டங்களில் பேச்சாளரை இடைமறித்துக் கேள்வி கேட்பதைக் குறிக்கும் 'ஹெக்கிள்' என்பதும் சணல் நார் வாரும் இரும்புச் சீப்பின் பெயரே. ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் நார் வாரிய தொழிலாளர்கள் அரசியல் விவாதங்களில் பெயர்பெற்றவர்கள். ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, ஏனையோர் வேலை செய்தபடியே வாதிடுவராம். அரசியல்வாதியையும் அவர்கள் தம் சீப்பில் இட்டு வாரினர் எனலாம்.

அடுத்த இரு சொற்கள் இரத்தம் தோய்ந்தவை. 'பெய்ட்' என்பது கட்டிவைக்கப்பட்ட கரடி அல்லது காளையின் மீது நாய்களை ஏவுவதைக் குறித்தது. எலிசபெத் அரசியார் காலத்து லண்டனில், தேம்ஸ் நதியின் தென்கரையில், இது மக்கள் பணம் கொடுத்துப் பார்த்த பொழுதுபோக்கு. 1583 ஜனவரி 13ஆம் திகதி அங்கே பார்வையாளர் மேடை சரிந்து சிலர் மாண்டனர். அது ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெய்வத் தண்டனை என்றே சமயவாதிகள் எழுதினர். கரடியின் வேதனை அவர்களுக்கு முதன்மையாகத் தோன்றவில்லை. 'பாட்ஜர்' என்பது வளை தோண்டி வாழும் ஒரு விலங்கு. அதனையும் நாய்களால் இழுபறிப்படுத்தினர். ஓயாது நச்சரித்தல் என்ற பொருள் இதிலிருந்து வந்தது. காளைச் சண்டையை மட்டும் தடுக்க 1800இலும் 1802இலும் கொண்டுவரப்பட்ட சட்டமூலங்கள்கூடத் தோற்றன. ஏழைகளின் பொழுதுபோக்கைப் பறிக்கலாமா என்று பாராளுமன்றத்திலேயே வாதிட்டனர். 1835இல்தான் இவை யாவும் தடை செய்யப்பட்டன.

'காலை இழுத்தல்' என்ற மரபுத்தொடருக்கும் ஒரு கொடூரக் கதை கூறுவர். தூக்கிலிடப்பட்டவரின் வேதனையைக் குறைக்க உறவினர் கால்களைப் பிடித்து இழுத்தது உண்மையே. ஆனால் லண்டன் டைபேர்ன் தூக்குமேடை 1783இலேயே கைவிடப்பட்டது. இத்தொடரோ 19ஆம் நூற்றாண்டில்தான் அச்சில் தென்படுகின்றது. எனவே அக்கதையை நம்புவதற்கில்லை. மொழிபெயர்ப்பாளர் இங்கே அவதானமாக இருத்தல் வேண்டும். தமிழில் காலை வாரினால் அது துரோகம். காலைப் பிடித்தால் அது கெஞ்சல். பொய் சொல்லி விளையாடுவது இரண்டிலும் இல்லை.

இறுதியாக, நம் நாட்டோடு தொடர்புடைய சொல் ஒன்று. 'ராக்' என்பது 18ஆம் நூற்றாண்டில் திட்டுதலைக் குறித்தது. பின்னர் ஆங்கிலப் பல்கலைக்கழக மாணவரின் குறும்புக்குப் பெயராயிற்று. அங்கிருந்து 'ராகிங்' என்று நம் வளாகங்களுக்கும் வந்து சேர்ந்தது. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் ஒருவர் இதனால் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். மறு ஆண்டில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. இரண்டு ஆண்டுகள் வரையும், கடுங்காயம் விளைந்தால் பத்து ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். ஆயினும் அது ஒழியவில்லை.

ஈழத்தமிழர் இதற்கு இட்ட பெயர் பகிடிவதை. ஆங்கிலச் சொற்கள் தம் முட்களையும் பற்களையும் காலப்போக்கில் மறைத்துக்கொண்டன. நமது சொல் எதனையும் மறைக்கவில்லை. பகிடி எனத் தொடங்குவது வதையில் முடியும் என்பதை அது தன் உடலிலேயே எழுதி வைத்திருக்கின்றது. கரடிச் சண்டையை நியாயப்படுத்தியவர்களும் அதனை விளையாட்டு என்றே அழைத்தனர். மூத்த மாணவர்கள் இன்று கூறுவதும் அதுவே. சிரிப்பவர்கள் அதனை விளையாட்டு என்கின்றனர். கட்டப்பட்டு நிற்பவரை எவரும் கேட்பதில்லை.