சுடர் காட்டாத நஞ்சு

நிலக்கரிச் சுரங்கத்துள் கனேரிக் குருவியைக் கூண்டிலிட்டுக் கொண்டுசென்றனர் என்னும் செய்தியை நேயர்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். விளக்கும் இரசாயனச் சோதனையும் இருந்த காலத்தில், அவற்றை விடுத்து ஓர் அறிஞர் பறவையைத் தெரிந்தெடுத்தது ஏன் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

1815ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி கம்பிவலை சூழ்ந்த காவல் விளக்கை ஆக்கினார். காற்றில் மெதேன் கலப்பின், அதன் சுடர்மேல் நீல நிறமான முடியொன்று தோன்றும். நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்ந்தால் வெடிக்கும் அவ்வாயுவை, ஒன்றிரண்டு பங்கிலேயே அறிவித்த விளக்குத் தன் கடமையைச் செவ்வனே செய்தது. ஆனால் சுரங்கத்துள் உறையும் பகை மெதேன் ஒன்று மட்டுமன்று.

1896 ஜனவரி 27ஆம் நாள், தென் வேல்ஸின் ரொண்டாப் பள்ளத்தாக்கிலுள்ள டைலர்ஸ்டவுன் சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டனர். உடற்றொழிலியல் அறிஞர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் அங்குச் சென்று இறந்தோரை ஆராய்ந்தார். வெடிப்பின் தாக்குதலால் உயிர் துறந்தோர் சிலரே. ஏனையோரின் உடலிற் படர்ந்திருந்த செந்நிறம் உண்மையைப் புலப்படுத்திற்று: வெடிப்பின்பின் தேங்கிய காபனோரொட்சைட்டே அவர்களைக் கொன்றது. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, ஆயிரத்துக்கு இரண்டு பங்கு இருப்பினும் மனிதனை வீழ்த்த வல்லது. ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலாகக் குருதியைப் பற்றிக்கொள்வதே காரணம். அவ்வளவு சிறு கலப்பை விளக்கின் சுடர் காட்டாது.

குருதியைச் சோதித்து அதனை அளக்கும் முறையை ஹோல்டேன் நன்கறிவார். எனினும் ஆய்வுகூடத்தின் நுண்மை, இருளில் இறங்கும் மீட்புப் படையினனுக்கு எவ்வாறு உதவும்? அவனுக்கு வேண்டியது இலக்கமன்று. திரும்பி ஓடுவதற்கான அவகாசம். முன்னரே அவர் அவ்வாயுவைத் தாமே சுவாசித்து, உடன் ஓர் எலியையும் வைத்துப் பார்த்திருந்தார். துணிவு என்பதா, பித்து என்பதா! சிற்றுயிரின் மூச்சும் குருதியோட்டமும் விரைவானவை ஆதலின், ஏறத்தாழ இருபது மடங்கு விரைவில் அது சோர்ந்து விழுந்தது. எலியினும் குருவி சிறந்தது. எலி மயங்கினால் ஒடுங்கியிருப்பதாகவே தோன்றும், குருவியோ இருந்த கொம்பினின்று வீழும்.

ஈண்டு ஒரு தவறான கருத்தை நீக்கல் வேண்டும். பறவை மனிதனிலும் நுண்ணிய உணர்வுடையதெனப் பலர் எழுதுகின்றனர். அது விரைவுடையது, அவ்வளவே. மிகச் சிறு அளவான வாயுவை மணிக்கணக்கிற் சுவாசிக்கும் தொழிலாளிக்கு அப்பறவை நம்பத்தக்க காவலன்று. ஹோல்டேன் இதனை அறிந்தே, மீட்புப் பணிக்கு அதனை வகுத்தார்.

குருவியைப் பலியிட்டனரே என மாணாக்கர் என்னிடம் வினவுவதுண்டு. பின்னர் அமைந்த கூண்டொன்றில், வாயிலை மூடியதும் ஒட்சிசனைச் செலுத்தி மயங்கிய பறவையை மீட்கச் சிறு உருளையொன்று பொருத்தப்பட்டிருந்தது. பிரித்தானியச் சுரங்கங்களில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 200 பறவைகளுக்கு ஓய்வளித்து, மின்னணுக் கருவிகளை அமைக்கும் முடிவு 1986ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது.