பதினைந்து கிலோஹெர்ட்ஸ்

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். மூஞ்சிதான் தெரியல."

கோவையில் ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளில் பழைய சி.என்.சி. லேத் வைத்திருப்பவர்களிடம் பேசினால், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இந்தப் பேச்சு வரும். 1991க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்தபோது, ஜப்பானில் ஒரு சுற்று உழைத்து முடித்த இயந்திரங்கள் பல இங்கே வந்தன. புது மெஷினுக்குக் கடன் வாங்க முடியாதவர்கள் அவற்றை வைத்தே தொழிலை நிமிர்த்திக்கொண்டார்கள். முப்பது வருடம் ஓடியும் அந்த வார்ப்பிரும்புப் படுக்கைகள் அசையவில்லை. ஸ்பிண்டில் சுற்றுகிறது, டரட் திரும்புகிறது. ஆனால் ஒரு காலையில் கன்ட்ரோல் பேனலில் பச்சை எழுத்து வரவில்லை. திரை இருண்டுவிட்டது. அதோடு அந்த மெஷினை எடைக்குப் போடலாமா என்கிற பேச்சும் ஆரம்பமாகிவிடுகிறது.

ஆறு டன் இரும்பு, ஒரு ஒன்பது அங்குல பிக்சர் ட்யூபுக்காக ஏன் சாக வேண்டும்? இதற்குப் பதில் தேடினால் எண்பது வருடக் கதை ஒன்று கிடைக்கிறது.

அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவைச் சரிபார்க்கும் அச்சுகளைக் கையால் செதுக்குவதில் பிழை வந்தது. வளைவின் மேல் நெருக்கமாகப் பல புள்ளிகளைக் கணக்கிட்டு, அந்தப் புள்ளிகளுக்கே கருவியை நகர்த்தினால் என்ன என்று யோசித்தார். அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது, வேலை எம்.ஐ.டி.யின் சர்வோமெக்கானிசம்ஸ் ஆய்வகத்துக்குப் போனது. 1952இல் அங்கே ஒரு மில்லிங் மெஷின், துளையிட்ட நாடாவைப் படித்துத் தானே வெட்டிக் காட்டியது. வெற்றிடக் குழாய்களும் ரிலேக்களும் அடைத்த அலமாரிகள்தான் அதன் மூளை. திரை கிடையாது. நாடாவில் என்ன துளை இருக்கிறதோ அதைச் செய்யும், அவ்வளவுதான்.

இது முக்கியமான விஷயம். எண்வழி இயந்திரம் பிறந்தபோது அதற்குத் திரை இல்லை. வெட்டுவதற்கு இன்றும் அதற்குத் திரை தேவையில்லை. திரை நமக்குத்தான் தேவை.

ஜப்பானில் ஃபுஜித்சு நிறுவனத்தில் செயுவெமோன் இனாபா தலைமையில் 1956இல் இதே வேலை தொடங்கியது. 1972இல் அந்தப் பிரிவு ஃபனக் என்ற தனி நிறுவனமானது. எழுபதுகளில் மைக்ரோபிராசஸர் வந்ததும், நாடாவில் இருந்த புரோகிராம் கன்ட்ரோலின் நினைவகத்துக்குள் குடியேறியது. உள்ளே இருப்பதைப் பார்க்கவும், ஒரு எண்ணைத் திருத்தவும், டூல் தேய்ந்தால் ஆஃப்செட்டில் இரண்டு மைக்ரான் கூட்டவும் குறைக்கவும் இப்போது ஒரு ஜன்னல் வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் மலிவாக, ஏராளமாகக் கிடைத்த ஜன்னல் ஒன்றுதான். 1897இல் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்த கதோடு கதிர்க் குழாயின் வாரிசு, வீட்டுக்கு வீடு டிவிக்குள் இருந்த ட்யூப்.

ட்யூபோடு டிவியின் தாளமும் கூடவே வந்தது. அமெரிக்கக் கறுப்பு வெள்ளை டிவியில் ஒரு படத்துக்கு 525 கோடுகள், நொடிக்கு 30 படங்கள். பெருக்கினால் நொடிக்கு 15,750 கோடுகள். கலர் வந்தபோது இது 15,734 என்று இம்மி குறைந்தது. ஜப்பானும் இதே முறையைத்தான் எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய முறையில் 625 கோடுகள், 25 படங்கள், 15,625. எப்படிப் பார்த்தாலும் பதினைந்து கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. பழைய டிவி ஓடும்போது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் 'கீ'யென்று ஒரு மெல்லிய ஓசை கேட்குமே, அது இந்தத் தாளம்தான். எண்பதுகளின் சி.என்.சி. திரைகளில் பல இதற்கு அருகில் ஓடின. டிவி மெக்கானிக் ஒருவரைப் பட்டறைக்குக் கூட்டிவந்தால் போதும். "இ.எச்.டி. போயிருக்கு, மாத்திக்கலாம்" என்று மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிடுவார்.

1987இல் ஐ.பி.எம். தன் பி.எஸ்./2 கணினிகளோடு வி.ஜி.ஏ.வைக் கொண்டுவந்தது. அதன் கோட்டு வேகம் 31.5 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஏறத்தாழ இரட்டிப்பு. கணினி உலகம் மொத்தமும் அந்தப் பக்கம் போய்விட்டது. மானிட்டர் செய்பவர்கள் பழைய வேகத்தைக் கைவிட்டார்கள். பிறகு எல்சிடி வந்து ட்யூபையே கைவிட வைத்தது. ட்யூப் தொழிற்சாலைகள் மூடின, இ.எச்.டி. கிடைக்காமல் போனது, டிவி மெக்கானிக் செல்போன் கடை வைத்துவிட்டார்.

மெஷினுக்கு இது எதுவும் தெரியாது. அது தினமும் காலையில் எழுந்து அதே பதினைந்து கிலோஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஒரு எல்சிடியை வாங்கி ஒயர் கொடுத்தால், 'எல்லைக்கு வெளியே' என்று காட்டிவிட்டு அதுவும் இருண்டுவிடும். புது மானிட்டர் கெட்டுப்போனது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களும் உண்டு. கெட்டுப்போனது ஒன்றுமில்லை. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை. இடையில் ஒரு துபாஷி வேண்டும்.

துபாஷி வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. எண்பதுகளில் காசு போட்டு ஆடிய வீடியோ கேம் பெட்டிகளும் இதே வேகத்தில்தான் ஓடின. அவற்றைப் பாதுகாக்கும் ரசிகர்களுக்காகச் சீனாவில் செய்த சின்ன சர்க்யூட் போர்டுகள், ஜிபிஎஸ்-8200 போன்றவை, பழைய சிக்னலை வாங்கி, ஒரு படத்தை நினைவில் வைத்து, வி.ஜி.ஏ. வேகத்தில் திருப்பிச் சொல்லும். விளையாட்டுக்காகச் செய்தது லேத்தைக் காப்பாற்றியது.

வேலை இதோடு முடியாது. ஒற்றை நிறத் திரையாக இருந்தால் பெரும்பாலும் மூன்று சிக்னல்கள்: படம், கிடைத்தாளம், நெடுந்தாளம். கன்ட்ரோலின் புத்தகத்தையோ ஆசிலோஸ்கோப்பையோ வைத்து எது எந்த ஒயர் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பழைய சிக்னல் ஐந்து வோல்ட்டில் 'உண்டு, இல்லை' என்று மட்டும் பேசும். போர்டு எதிர்பார்ப்பதோ 0.7 வோல்ட். போர்டின் வாயிலில் 75 ஓம் இருந்தால், முன்னால் ஒரு 470 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் சேர்த்தால் ஐந்து வோல்ட் 0.69ஆக இறங்கிவிடும். இரண்டு ரூபாய்கூடப் பெறாத சாமான். அதைப் போடாமல் போர்டைக் கருக்கியவர்கள் இருக்கிறார்கள். ட்யூபுக்கு 24 வோல்ட் போய்க்கொண்டிருந்தால் அதை அப்படியே போர்டுக்குக் கொடுக்கக் கூடாது. இறக்கிக் கொடுக்க வேண்டும்.

ட்யூபைக் கழற்றும்போது அவசரம் ஆகாது. மெயினை நிறுத்திய பிறகும் அதன் கண்ணாடிக்குள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். "செத்த பாம்புன்னு மிதிக்காதே" என்பார்கள் பழைய டிவி மெக்கானிக்குகள். எர்த் செய்து இறக்கிவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

அடுத்தது திரையின் வடிவம். பழைய படம் 4:3. இன்றைய அகலத் திரையில் அது இழுபட்டுப் போகும். பார்க்க அசிங்கம் என்பது சின்னப் பிரச்சினை. பேனலில் ட்யூபுக்குக் கீழே வரிசையாகப் பட்டன்கள் இருக்கின்றனவே, அவற்றின் பெயர் பட்டன் மேல் அச்சடித்திருக்காது. திரையின் அடிவரியில்தான் தோன்றும். படம் ஒரு விரல் அகலம் விலகினாலும் எந்தப் பட்டனுக்கு எந்தப் பெயர் என்று குழம்பிவிடும். இரவு ஷிஃப்ட் ஆப்பரேட்டர் தூக்கக் கலக்கத்தில் தவறான பட்டனை அழுத்தினால், டூல் போய் சக்கில் மோதக்கூட இடமுண்டு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஒன்பது அங்குல ட்யூபின் இடத்தில் 8.4 அங்குல 4:3 பேனலைத் தேடிப் பிடித்துப் போடுகிறார்கள்.

திரையைத் தள்ளிப்போடுவதில் இன்னொரு ஆபத்து. திரை போன பிறகும், மனப்பாடமாகப் பட்டன்களைத் தட்டி மாதக்கணக்கில் மெஷினை ஓட்டுகிற கில்லாடிகள் உண்டு. "கண்ணக் கட்டி விட்டாலும் ஓட்டுவேங்க." உண்மைதான். ஆனால் அந்த மெஷினின் பாராமீட்டர்கள், அதாவது அச்சுக்கு அச்சு எவ்வளவு தளர்வு, எது ஆரம்பப் புள்ளி, எந்த வேகம் எல்லை என்பதெல்லாம், பாட்டரியில் உயிர் பிடித்திருக்கும் நினைவகத்தில் இருக்கின்றன. எண்பதுகளின் மத்தியில் வந்த ஃபனக் 0 வரிசையில் அது டார்ச்சுக்குப் போடுகிற தடிமனான செல் மூன்று. தீரப்போகும்போது திரையில்தான் எச்சரிக்கை மின்னும். செல்லை மாற்றுவதும் மெஷின் ஆனில் இருக்கும்போதுதான். நிறுத்திவிட்டுக் கழற்றினால் எல்லாம் மறந்துபோகக்கூடும். திரை இல்லாதபோது எச்சரிக்கையை யார் பார்ப்பது? ஒரு தீபாவளி லீவு முடிந்து வந்து ஆன் செய்தால், இரும்பு இருக்கும், மோட்டார் இருக்கும், தான் யாரென்ற ஞாபகம் மெஷினுக்கு இருக்காது. எலக்ட்ரிக்கல் கேபினெட் கதவின் உள்பக்கம் பாராமீட்டர் காகிதம் எண்ணெய்க் கறையோடாவது இருந்தால் ஒவ்வொன்றாக ஏற்றலாம். அதுவும் இல்லையென்றால், உண்மையிலேயே எடைக்குத்தான்.

எனவே புதுத் திரை ஒளிர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை ஜாப் ஓட்டுவது இல்லை. செல்லை மாற்றிவிட்டு, பாராமீட்டர் பக்கங்களை ஒன்றுவிடாமல் செல்போனில் படம் எடுத்துக்கொள்வது.

கழற்றிய ட்யூபை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வருடக்கணக்காக ஒரே பக்கம் எரிந்ததில் பாஸ்பரம் கருகி, அந்தக் கண்ணாடியிலேயே எக்ஸ், இசட் என்ற இரண்டு எழுத்துகள் மங்கலாகப் பதிந்திருக்கும். பக்கத்தில் எண்கள் இருந்த இடம் மட்டும் ஒரு சாம்பல் திட்டு. எழுத்து மாறவில்லை, எண்கள் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. எவ்வளவு ஜாப் ஓடியிருக்கும் என்பதற்கு அதுதான் கணக்கு.