மேண்டிலும் நக்கலும்

தொழில்நுட்பம் பற்றித் தமிழில் நடந்த பேச்சுகளில் அதிகம் பேருக்குத் தெரிந்தது ஒரு சைக்கிள் கடையில் நடந்ததுதான். 1984இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணிதான் ஆல் இன் ஆல் அழகுராஜா. சைக்கிளும் பழுது பார்ப்பார், பெட்ரோமாக்ஸ் விளக்கும் வாடகைக்கு விடுவார். விளக்குக்குள் தொங்கும் வலையைக் காட்டி, இந்த மேண்டிலில் எப்படி வெளிச்சம் வரும் என்று செந்தில் கேட்கிறார். கேட்ட கையோடு அதைக் கசக்கிப் பொடியாக்கியும் விடுகிறார். நாற்பது வருஷமாக நாமும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

என் அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். “அவன் கேட்டது சரியான கேள்விலே. பதில் தெரியாதவன்தான் கோவப்படுதான்” என்பார்.

அப்பாவுக்கும் அதே தொழில். மும்பை தாராவியில் 90 ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே வளையும் ஒரு சந்தில் கடை. பம்பு ஸ்டவ்வுக்கு வாசர் மாற்றுவது, நாசில் அடைப்பு எடுப்பது, கோயில் கொடைக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் பெட்ரோமாக்ஸ் கொடுப்பது. அக்கம்பக்கம் பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பங்களின் வாரிசுகள். கடையில் படித்துப் பார்க்க ஒரு விளக்கப் புத்தகமும் கிடையாது. தொழில் முழுக்க நக்கலாகத்தான் கைமாறியது.

பெட்ரோமாக்ஸைப் பற்றவைப்பதற்கு முன்னால் குழாயைச் சூடாக்க வேண்டும். அப்போதுதான் சீமெண்ணெய் ஆவியாகி மேண்டிலுக்குப் போகும். புதிதாக வந்த பையன் அவசரப்பட்டு முதலிலேயே பம்பு அடித்துவிடுவான். எண்ணெய் அப்படியே பீறிட்டு, தீ மேலே தாவும். உள்ளேயிருந்து குரல் வரும்: “வெளக்கு கேட்டா தீவாராதனை காட்டுதாம்லே!” அதற்குப் பிறகு அந்தப் பையன் ஆயுசுக்கும் சூடாக்க மறக்க மாட்டான். மேண்டிலின் நூலை இழுத்து முடிச்சுப் போடத் தயங்கினால், “தாலியா கட்டுதே? கட்டிட்டு வா, ஐயர் போய்ட்டாரு.” முடிச்சு தளர்ந்தால் மேண்டில் கழன்று விழும் என்ற பாடம் அந்தக் கேலிக்குள்ளேயே இருந்தது.

பையன்களும் சும்மா இருப்பதில்லை. “அண்ணாச்சி, துணி எரிஞ்சா சாம்பல்தான வரணும்? இது எரிய எரிய வெளிச்சம் வருதே, எப்படி?” அப்பா ஒரு வசவு வைப்பார். பிறகு யோசிப்பார். பதிலை ஒருநாள் கொண்டுவந்தவர், டிராம்பேயில் வேலை பார்த்த வாடிக்கையாளர் ஒருவர். “அண்ணாச்சி, உங்க ஊர்ப் பக்கத்து மண்ணத்தான் எங்க ஆலையில காய்ச்சுதோம்” என்றார். கடையே சிரித்தது. அவர் சொன்னது உண்மை.

வியன்னாவில் கார்ல் ஔவர் வெல்ஸ்பாக் என்ற வேதியியலாளர் 1885இல் மேண்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். பருத்தி வலையைச் சில உப்புக் கரைசல்களில் தோய்த்து உலர்த்தினார். வெளிச்சம் திருப்தியாக இல்லை. 1891இல் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு என்ற கலவைக்கு வந்து சேர்ந்தார். முதல்முறை பற்றவைக்கும்போதே துணி எரிந்து போய்விடும். மிஞ்சுவது வலை உருவில் நிற்கும் ஆக்சைடுச் சாம்பல். அதுதான் சூட்டில் வெள்ளையாக ஒளிர்கிறது. தொட்டால் உதிரும். இது தெரிந்தபின் அந்த சினிமாக் காட்சியிலும் ஒரு துப்பு கிடைக்கிறது: புது மேண்டில் துணிபோல மெத்தென்றிருக்கும், கசக்கினாலும் பொடியாகாது. செந்தில் கையில் இருந்தது ஏற்கெனவே ஒருமுறை எரிந்தது!

தோரியத்துக்கு எங்கே போவது? திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையைக் கண்டுபிடித்தார். தோரியம் கலந்த மோனசைட் அங்கே கருமணலோடு கிடந்தது. ஐரோப்பியத் தெருக்களில் எரிந்த கேஸ் விளக்குகளுக்காக அந்த மணல் கப்பலேறியது. மணவாளக்குறிச்சி இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கியது. ஆலுவாவில் மோனசைட்டைப் பிரித்தார்கள். செம்பூரைத் தாண்டி டிராம்பேயில் 1955இல் தோரியம் ஆலை ஓடத் தொடங்கி, மேண்டில் செய்பவர்களுக்கு தோரியம் நைட்ரேட் கொடுத்தது. அங்கே அணுசக்தி வளாகத்தை ஒட்டி இருந்த ஜனதா காலனியில் தமிழர்கள் ஏராளம். 1976இல் அந்தக் காலனியை இடித்து, மக்களைச் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். ஊரின் மணலுக்கு அணுசக்தி வளாகத்துப் பக்கம் இடம் கிடைத்தது. ஊர்க்காரனுக்குக் கிடைக்கவில்லை என்று எங்கள் சந்தில் இதையும் நக்கலாகத்தான் சொன்னார்கள்.

கேள்வியும் கேலியும் கலந்த இந்தப் பேச்சுமுறை அழகுராஜாவோடு தொடங்கியதல்ல. 1949இல் அண்ணாவின் கதை வசனத்தில் வந்த ‘நல்லதம்பி’யில் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் விஞ்ஞானத்தை வளர்ப்பது பற்றி ஒரு பாட்டில் வழக்காடுகிறார்கள். பட்டனைத் தட்டினால் இட்லியும் காபியும் வரவேண்டுமாம். பெரிய பெரிய இயந்திரம் பற்றிய வாய்ச்சவடால், சமையலறைக்கு என்ன வரும் என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. அறிந்தவன் அளப்பான், அறியாதவர் கேட்பார், சிரிப்பு கேட்டவர் பக்கம் சேரும். கலைவாணர் கிருஷ்ணன் போட்ட இந்தத் தடத்தில்தான் பின்னால் வந்தவர்களும் நடந்தார்கள்.

கணிப்பொறிக்காரர்களுக்கும் இந்தக் குசும்பு உண்டு. 1990 ஏப்ரல் முதல் தேதி டேவிட் வைட்ஸ்மன் என்பவர், இணையத் தகவல்களைப் புறாவின் காலில் கட்டி அனுப்பும் முறைக்கு முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஒரு தொழில்நுட்ப ஆவணம் எழுதி வெளியிட்டார். 2001இல் நார்வேயின் பெர்கன் நகரத்து லினக்ஸ் குழுவினர் நிஜமாகவே புறாக்களைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒன்பது தகவல் பொட்டலங்கள் அனுப்பியதில் நான்குக்குப் பதில் வந்தது. கேலிக்குச் சொன்னதைக் கையால் சோதித்துப் பார்க்கிறவன் உலகத்தில் எங்கேயும் இருக்கிறான். அவன் இல்லாமல் எந்தத் தொழிலும் அடுத்த படி ஏறியதில்லை.

அப்பா கடையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கேள்வி கேட்டவனை எப்படி வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் அன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்ல வேண்டும். வேலை தெரியாததற்காகக் கேலி செய்யலாம். சாதியையோ வீட்டையோ இழுக்கக் கூடாது. அப்படி இழுத்த ஒருவரின் விளக்கைப் பாதி வேலையில் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அதே இடத்தில் நான் மொபைல் பழுது பார்க்கிறேன். போன வாரம் பையன் கேட்டான்: “அண்ணாச்சி, ஃபோன் சும்மா பையில கெடக்கும்போது ஏன் சூடாகுது?”

“ஒன் வாய் சும்மாவா கெடக்கு? அது மாதிரிதான்” என்றேன். பிறகு திரை அணைந்திருந்தாலும் உள்ளே செயலிகள் ஓடிக்கொண்டிருப்பதையும், சிக்னல் கிடைக்காத இடத்தில் ஃபோன் டவரைத் தேடித் தேடி பேட்டரியைத் தின்பதையும் விளக்கிச் சொன்னேன்.

கேட்டு முடித்தவன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். “இவ்வளவு தெரிஞ்சும் மொதல்ல எதுக்கு அண்ணாச்சி ஏசுனீங்க? அதுக்குத் தனி பில்லா, சர்வீஸ் சார்ஜ்லயே சேருமா?”